சக்கரம் நின்றாலும் தவணை நிற்பதில்லை
சொந்த லாரி ஓட்டும் சங்ககிரிக்காரர் ஒருவரின் வரவு செலவுக் கணக்கு

ஏகாதசி வந்துவிட்டால் மும்பையில் வீட்டுக்கு வீடு சாபுதானா கிச்சடி மணக்கும். அந்த ஜவ்வரிசி சேலம் வட்டாரத்திலிருந்து மூட்டை மூட்டையாக இங்கே வருகிறது. கடையில் பாக்கெட்டைக் கையில் எடுக்கிற நாம் அதன் விலையைப் பார்க்கிறோம். அதை ஏற்றி வந்தவரைப் பற்றி நினைப்பதில்லை.

அப்படி ஒருவரை பிவண்டியில் ஒரு பெரிய மளிகைக் கடைத் தொடரின் கிடங்கு வாசலில் சந்தித்தோம். வயது 43. சங்ககிரி பக்கத்துக் கிராமம். பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர், பிறகு டிரைவரானார். இன்று ஒரு பத்துச் சக்கர லாரிக்கு அவரே முதலாளி, அவரே டிரைவர்.

"முதலாளின்னு ஊர்ல சொல்றாங்க. மாசம் பத்தாம் தேதி வந்தா யாரு முதலாளின்னு ஃபைனான்ஸ்காரரு சொல்லிடுவாருங்க" என்று சிரித்தார்.

இரண்டு நடையா, மூன்று நடையா?

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, ஓசூர், பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாக மும்பைக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். லோடுடன் லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் 300 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 27,000 ரூபாய். மற்ற செலவுகளை அவர் விரல் விட்டு எண்ணினார். சுங்கச் சாவடிகளுக்கு 9,000, சாப்பாடும் கிளீனர் படியும் 4,000, ஏற்றுக்கூலி, வழிச் செலவு 3,000. ஆக 43,000.

வாடகை 62,000. மிச்சம் 19,000. திரும்பும்போது அவ்வளவு வாடகை கிடைப்பதில்லை. 47,000-க்குக் கிடைத்தால் 4,000 நிற்கும். ஆக, போய் வர 23,000. மாதம் மூன்று நடை அடித்தால் 69,000. இரண்டே நடை என்றால் 46,000. தவணையோ 48,000!

மூன்றாவது நடைதான் வீட்டுக்குச் சோறு. டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் அதற்குள்தான். தாம் ஸ்டியரிங் பிடிக்கும் கூலியை அவர் கணக்கிலேயே எழுதவில்லை. வேறொரு டிரைவருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டோம். பதில் சொல்லாமல் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

வாசலில் மூன்று நாள்

1-7-2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் வரிச் சோதனைக்காகக் காத்திருப்பது ஒழிந்தது. மும்பை நுழைவாயிலில் ஆக்ட்ராய் வரிசையும் ஒழிந்தது. சாலையில் நேரம் மிச்சமாயிற்று. ஆனால் மிச்சமான நேரம் கிடங்கு வாசலில் கரைகிறது.

கடைத் தொடர் இவருக்கு நேரடியாக லோடு தருவதில்லை. நடுவில் ஒரு கான்டிராக்டர் இருக்கிறார். சரக்கு இறக்க நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்கு லாரி தவறினால் அபராதம். லாரி வந்து நிற்க, உள்ளே இடமில்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை மூன்று நாள் நின்றார். அந்த மாதம் மூன்றாவது நடை போயிற்று. தவணை கட்ட மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று.

டிரைவருக்கு நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. ஒற்றை லாரிக்காரருக்கு மணிக்கணக்கு ஏது? இழந்த நாளை ஈடுகட்ட இரவெல்லாம் ஓட்டுகிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கேட்டில் ஒரு முத்திரை

முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு நாளுக்கு 2,000 ரூபாய் ஹால்டிங் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் கேட்கும்போதெல்லாம், "எத்தனை மணிக்கு வந்தாய், அத்தாட்சி எங்கே?" என்று கான்டிராக்டர் ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள்.

வழி காட்டியவர் கிடங்கு கேட்டில் பதிவேடு எழுதும் தாராவித் தமிழர், பூர்வீகம் திருநெல்வேலி. "அண்ணாச்சி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் ரெண்டையும் எல்.ஆர். மேலேயே எழுதி முத்திரை போட்டு வாங்கிட்டுப் போங்க. வாய்ப்பேச்சுக்கு இங்க மதிப்பு கிடையாது" என்றாராம்.

அடுத்த முறையும் மூன்று நாள் நிற்க நேர்ந்தது. இந்த முறை காகிதம் பேசியது. இரண்டு மாதம் கழித்து 4,000 ரூபாய் வந்தது. போன நடைக்கு அது ஈடாகாது. ஆனாலும், "கேட்டா வரும்னு தெரிஞ்சுதுங்க" என்கிறார்.

அந்தத் தம்பியே இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். லாரித் தொழிலையும் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்து கொள்ளலாம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் வட்டியும் சேரும். கணக்குப் பிள்ளைகளாக இருக்கும் நம்மவர்களுக்கு இது சாதாரணச் செய்தி. லாரிக்காரருக்கு அது ஒரு மாதச் சோறு.

கடைத் தொடரின் லோடே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்றோம். வருஷம் முழுவதும் லோடு கிடைப்பது அங்கேதான் என்றார். இப்போது மூன்றில் ஒரு நடை கிடங்குக்கு, மற்ற இரண்டும் வாஷி மார்க்கெட்டுக்கு என்று பிரித்துக் கொண்டிருக்கிறார்.

"இன்னும் 14 தவணைங்க. ஆர்.சி. புத்தகத்துல என் பேருக்குக் கீழே ஃபைனான்ஸ் கம்பெனி பேரு இருக்குது. அதை எடுத்த அன்னைக்குத்தான் லாரி என்னுது."

கேட்டில் அவர் வண்டி எண்ணைக் கூப்பிட்டார்கள். கிளீனரை எழுப்பிக்கொண்டு ஓடினார். வெளியே வரும்போது முத்திரை வாங்க மறக்கமாட்டார்.