கைக்குள் ஒரு ரயில் – 9: நொண்டும் எஞ்சின்

சென்ற வாரம் பித்தளைத் தகட்டை மடித்து, ஈயம் வைத்து, அடிச்சட்டத்தைக் கட்டி முடித்தோம். இந்த வாரம் அது ஓட வேண்டும். ஓடும், ஆனால் முதல் ஓட்டத்தில் அநேகமாக நொண்டும்.

என் முதல் மாடல் எஞ்சினும் நொண்டியதுதான். பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்குரிய 5700 வகுப்பு ‘பேனியர் டேங்க்’ அது. பொதிகழுதையின் முதுகில் இரு பக்கமும் மூட்டை தொங்குவதுபோல், கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும். 1929-க்கும் 1950-க்கும் இடையில் 863 எஞ்சின்கள் கட்டினார்கள். மூன்று அச்சு, ஆறு சக்கரம். நம் அளவில், அதாவது அடிக்கு 4 மில்லிமீட்டர் வீதம், முதல் அச்சுக்கும் நடு அச்சுக்கும் இடையே 29 மி.மீ., நடு அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 33 மி.மீ.

சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தயங்கியது. மோட்டார்மேல் பழி போட்டு மூன்று இரவுகளை வீணாக்கினேன். எஞ்சின் எங்கே நிற்கிறது என்று முதலில் கவனித்திருந்தால் அவை மிச்சமாகியிருக்கும். எப்போதும் தண்டவாளத்தின் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு தண்டவாளத்தில். கண்ட இடத்திலெல்லாம் நின்று நின்று போனால் சக்கரத்தில் அழுக்கு, அல்லது மின்சாரம் எடுக்கும் கம்பி சக்கரத்தைச் சரியாகத் தொடவில்லை. சுற்றுக்கு ஒருமுறை, அதே கோணத்தில் தயங்கினால், ஒரு பக்கத்துச் சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடையும், அது மாட்டியிருக்கும் கிராங்க்கையும் பாருங்கள்.

மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அடிச்சட்டத்தை விரலால் தள்ளிப் பார்த்தேன். ராடு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. இடப்பக்க ராடை மட்டும் மாட்டினேன், போனது. அதைக் கழற்றி வலப்பக்க ராடை மாட்டினேன், அதுவும் போனது. இரண்டையும் மாட்டியதும் இறுகியது. அப்படியென்றால் ராடின் நீளத்தில் தவறில்லை. தவறு கோணத்தில்.

நிஜ எஞ்சினில் இடப்பக்கக் கிராங்க்கும் வலப்பக்கக் கிராங்க்கும் 90 டிகிரி தள்ளி இருக்கும். ஒரு பக்கத்து ராடு அச்சுகளோடு நேர்க்கோட்டில் வந்து சுழற்ற வலுவில்லாமல் கிடக்கும் நொடியில், மறுபக்கத்து ராடு வேலையைப் பார்த்துக்கொள்ளும். நான் அந்த 90-ஐப் பிடிப்பதற்காகவே பாகைமானியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாடலில் 88 இருந்தாலும் ஓடும், 92 இருந்தாலும் ஓடும். மூன்று அச்சிலும் அது ஒன்றுபோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் எஞ்சினில் பல்சக்கரம் கடைசி அச்சில் இருந்தது. அதை அசைக்காமல் அளவுகோலாக வைத்துக்கொண்டு, நடு அச்சை மட்டும் அதனோடு இணைத்தேன். சரியாக ஓடியது. முதல் அச்சை இணைத்ததும் பிடித்தது. திருடன் அகப்பட்டான்.

மூலத்தின் எந்த அளவைக் கும்பிட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது வேகனிலும் வரும் கேள்விதான். பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகன் காலியாக இருக்கும்போது சுமார் 7 டன் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 76-ல் ஒரு பங்காகச் சுருங்குவதால், எடை நாலு லட்சத்து நாற்பதாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கணக்குப்படி 16 கிராம். அந்த எடையில் ஓட விட்டால் வளைவில் தடம் புரளும். அடியில் ஈயத் துண்டு ஒட்டி, அச்சுக்கு 25 கிராம் வீதம் 50 கிராமுக்குக் கொண்டுவருவதுதான் பிரிட்டனில் மாடல் செய்கிறவர்களின் வழக்கம்.

அப்படியும் புரண்டால், வேகனைக் கண்ணாடிமேல் வைத்து மூலைகளைத் தட்டிப் பாருங்கள். நாலு கால் ஸ்டூல் ஆடும், முக்காலி ஆடாது. ஓர் அச்சை நிலையாக வைத்து, மற்றதை நடுவில் ஊசலாட விட்டால் வேகனும் முக்காலிதான்.

நாம் ஓட்டும் தண்டவாளமே ஒரு சமரசம். அடிக்கு 4 மி.மீ. என்ற நம் அளவுக்கு அகலம் 18.83 மி.மீ. இருக்க வேண்டும், கடையில் கிடைப்பது 16.5. அது அடிக்கு 3.5 மி.மீ. கணக்கில் பிறந்த தண்டவாளம். பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுங்கியவை என்பதால், அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடலைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதைப் பொறுக்காமல் 18.83-லேயே தண்டவாளம் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கதை அடுத்த வாரம்.

என் பேனியருக்கு வருவோம். ராடின் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் இரண்டே நிமிடத்தில் ஓடிவிடும். கை அரத்தை எடுத்தும்விட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டு, முதல் அச்சின் ஒரு சக்கரத்தை மயிரிழை அளவு திருப்பினேன். ஓடியது. நீங்களும் அரத்தைக் கடைசியாக எடுங்கள். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அகலமான துளையை ஒடுக்க முடியாது.