கெட்டியா... லேசா? ஒரு ஆயில் பட்டிமன்றம்!

ஒரு வீட்டுக்குப் புதுசா கார் வருதுன்னா என்னென்ன பஞ்சாயத்து நடக்கும்? சிவப்பா, வெள்ளையாங்கிறதுல அம்மாவுக்கும் தம்பிக்கும் சண்டை. ஃபேன்ஸி நம்பர்தான் வேணும்னு மாமா. எலுமிச்சம்பழம் நசுக்க நல்ல நேரம் எதுன்னு பாட்டி. சீட் கவர், பெர்ஃப்யூம், டேஷ்போர்டு பிள்ளையார்னு லிஸ்ட் அனுமார் வால் மாதிரி நீளும். ஆனா, இன்ஜினுக்குள்ள ஊத்துற மூணு, மூணரை லிட்டர் ஆயிலைப் பத்தி யாராவது வாயைத் திறக்குறாங்களா? ம்ஹூம்! சர்வீஸ் பில் கைக்கு வரும்போதுதான் அத்தனை பேருக்கும் ஞானோதயம்.

திருச்சியில எங்க வீட்டுக்கு வந்தது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். அப்பாவோட பி.எஃப். லோன் பாதி, ஏழு வருஷ இ.எம்.ஐ. மீதி. ஆக, அந்த இன்ஜின் ஏழு வருஷத்துக்காவது மூச்சு விடாம ஓடியே ஆகணும். எங்க தெரு மெக்கானிக் அண்ணன் டிப்ஸ்டிக்கை உருவி, விரல்ல தொட்டுப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். ‘‘என்ன சார், தண்ணி மாதிரி இருக்கு? நம்ம ஊரு வெயிலுக்கு இது தாங்குமா? அடுத்த தடவை 20டபிள்யூ-40 ஊத்திருவோம். வண்டி வெண்ணெய் மாதிரி போகும்!’’

மேனுவல்ல இருந்ததோ 0டபிள்யூ-20. அப்பா மேனுவலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியா என்னைப் பார்த்தார். ‘‘ஏம்மா, மெக்கானிக்கல்தானே படிக்கிறே... நீ சொல்லு!’’

செமஸ்டர் ஃபீஸ் கட்டுறவர் கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்? மேனுவல், டப்பாவுக்குப் பின்னாடி இருக்கிற பொடி எழுத்து, லைப்ரரியில தூசு தட்டின ட்ரைபாலஜி புத்தகம்னு ஒரு வாரம் உட்கார்ந்ததுல தேறினதுதான் இது.

அந்த ‘டபிள்யூ’ யாருங்க?

ஆயில் டப்பா மேல இருக்கிற நம்பரை முடிவு பண்றது எஸ்.ஏ.இ.ங்கிற அமெரிக்க ஆட்டோமொபைல் இன்ஜினீயர்கள் சங்கம். 1905-ல் ஆரம்பிச்ச சங்கம் இது. ‘டபிள்யூ’ன்னா வின்ட்டர்... அதாவது, குளிர்காலம். மார்கழி காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவுத்தா சொட்டுகூட இறங்காம அடம் பிடிக்கும் பாருங்க, இன்ஜின் ஆயிலுக்கும் குளிர்ல அந்தக் கஷ்டம் உண்டு. ‘டபிள்யூ’வுக்கு முன்னாடி இருக்கிற நம்பர், எவ்வளவு குளிர் வரைக்கும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண விடும்னு சொல்லுது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில டெஸ்ட் பண்ணுவாங்க. 0டபிள்யூவை மைனஸ் 35-ல்!

‘‘திருச்சியில எங்கடி மைனஸ்?’’னு என் ஹாஸ்டல் தோழிகள் கேட்ட அதே கேள்வியை நீங்களும் கேட்பீங்கன்னு தெரியும். கொஞ்சம் பொறுங்க, அதுலதான் மேட்டரே இருக்கு.

பின்னாடி வர்ற நம்பர், 100 டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கும்னு சொல்றது. ‘20’ன்னா 6.9-ல் இருந்து 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கணும். ‘40’ன்னா 12.5-ல் இருந்து 16.3. ஏன் 100 டிகிரி? ஓடுற இன்ஜின்ல ஆயிலோட சூடு ஏறக்குறைய அந்த அளவுலதான் இருக்கும். ஊட்டியா இருந்தாலும் சரி, வேலூரா இருந்தாலும் சரி, தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து இன்ஜினைக் கிட்டத்தட்ட ஒரே சூட்டுல வெச்சுக்கப் பார்க்கும். வெளியே 42 டிகிரி அடிக்குதேன்னு உள்ளே இருக்கிற ஆயில் உருகி ஓடிடாது. நம்மளைப் படுத்துற வெயில், 100 டிகிரியில வேலை பார்க்கிற ஆயிலுக்கு ஏ.ஸி. ரூம்!

இப்போ ஹாஸ்டல் கேள்விக்கு வருவோம். ஆயில் கம்பெனிகள் தர்ற டேட்டா ஷீட்ல 40 டிகிரியில எவ்வளவு கெட்டின்னு ஒரு வரி இருக்கும். 40 டிகிரின்னா என்ன? நம்ம ஊர் மே மாச மத்தியானம்! அந்தச் சூட்டுல வழக்கமான 0டபிள்யூ-20 ஆயில் 40, 45 சென்டிஸ்டோக்ஸ் பக்கத்துல நிக்கும். அதாவது, ஓடும்போது இருக்கிறதைவிட அஞ்சு மடங்கு கெட்டி. 20டபிள்யூ-40? ஏறக்குறைய அதுக்கு மூணு மடங்கு. ஆக, கொளுத்துற வெயில்ல காரை எடுத்தாலும் இன்ஜினைப் பொறுத்தவரைக்கும் அது ‘கோல்டு ஸ்டார்ட்’தான். ராத்திரி நிறுத்தின வண்டியில ஆயில் முக்கால்வாசி கீழே சம்ப்புல இறங்கிக் கிடக்கும். சாவியைத் திருப்பினதும் பம்ப் அதை உறிஞ்சி மேலே கேம் ஷாஃப்ட் வரைக்கும் அனுப்பணும். அந்தச் சில விநாடிகள்லதான் தேய்மானம் ஜாஸ்தி. அந்த நேரத்துல தேன் மாதிரி நகர்றது நல்லதா, தண்ணி மாதிரி ஓடுறது நல்லதா? பட்டிமன்றத்துல முதல் ரவுண்டு ‘லேசு’ அணிக்கு!

அண்ணன் சொன்னது பொய்யா?

இல்லவே இல்லை. இதைத்தான் அப்பாவும் கேட்டார். ‘‘முப்பது வருஷமா வண்டி பார்க்கிறவரும்மா அவர்!’’

அவர் கை பழகினது அம்பாஸடர்லயும் மாருதி 800-லயும். ரெண்டுமே 2014-ல் தயாரிப்பை நிறுத்திட்ட வண்டிகள். அந்தக் காலத்து இன்ஜின்கள்ல, அதுவும் லட்சம் கிலோமீட்டர் தாண்டினதுல, பாகங்களுக்கு நடுவுல இடைவெளி ஜாஸ்தி. லேசான ஆயில் ஊத்தினா ஆயில் பிரஷர் இறங்கும், புகை வரும், சத்தம் வரும். கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் அடங்கும். அது கண்ணால பார்த்து, காதால கேட்டு வந்த ஞானம். அந்த இன்ஜினுக்கு அது நூத்துக்கு நூறு சரி.

இப்போ வர்ற இன்ஜின்ல ஆயில், உராய்வைக் குறைக்கிறதோட நிக்கறதில்லை. வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற வி.வி.டி. அமைப்பு ஆயில் பிரஷர்லதான் இயங்குது. பல இன்ஜின்கள்ல டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரும் அப்படித்தான். அதுக்கெல்லாம் தலைமுடி மாதிரி சின்னச் சின்ன வழிகள், வடிகட்டிகள். 0டபிள்யூ-20-ஐ மனசுல வெச்சு வடிவமைச்ச வழியில கெட்டி ஆயிலை அனுப்பினா, அது லேட்டா போய்ச் சேரும். வெண்டைக்காய் சாம்பாரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிப் பாருங்க, புரியும்! தர்ட் இயர்ல ஜர்னல் பேரிங், ஸ்ட்ரைபெக் வளைவுன்னு எக்ஸாமுக்காக நெட்டுரு போடுறோமே... வேகம், பாரம், பிசுபிசுப்பு மூணும் சேர்ந்துதான் ஆயில் படலத்தோட தடிமனைத் தீர்மானிக்குதுங்கிறது அதோட சாராம்சம். பிசுபிசுப்பை மட்டும் தனியா ஏத்திட்டு ‘பாதுகாப்பு ஏறிடுச்சு’ன்னு சொல்ல முடியாது.

ஆனா, ‘லேசு’ அணிக்கு முழு மார்க் போட எனக்கு மனசு வரலை. கம்பெனிகள் லேசான ஆயிலுக்குத் தாவினதுக்கு முக்கிய காரணம் நம்ம இன்ஜின் மேல இருக்கிற பாசம் இல்லைங்க, மைலேஜ்! ஆயில் லேசானா உராய்வு குறையும், பெட்ரோல் கொஞ்சம் மிச்சம். கம்பெனி விக்கிற கார்களோட சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு இந்தியாவுல 2017-18-ல் இருந்தே விதிமுறை இருக்கு. 2022-23-ல் அதை இன்னும் இறுக்கினாங்க. அதனால சொட்டுச் சொட்டா மிச்சம் பிடிச்சாகணும்கிற நெருக்கடி அவங்களுக்கு. சில கார்களோட மேனுவல்ல ஒரே ஒரு கிரேடு போடாம, வெளி வெப்பநிலையை வெச்சு ரெண்டு, மூணு கிரேடு கொண்ட படம் போட்டிருப்பாங்க. அப்படி இருந்து, அஞ்சு பேரையும் லக்கேஜையும் ஏத்திக்கிட்டு அடிக்கடி கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவு ஏறுற குடும்பம்னா, அந்தப் படத்துக்குள்ள இருக்கிறதுல கொஞ்சம் கெட்டியானதை எடுக்கறதுல தப்பே இல்லை. 5டபிள்யூ-30 லிஸ்ட்ல இருந்தா அது ஒரு நல்ல நடுவர் தீர்ப்பு. லிஸ்ட்டுக்கு வெளியே போறதுதான் வம்பு. தப்பான ஆயிலால இன்ஜின் போச்சுன்னு தெரிஞ்சா, வாரன்ட்டி கேட்டுப் போற நேரத்துல கம்பெனி கையை விரிக்க வழி கிடைச்சுடும். இ.எம்.ஐ. பாக்கி இருக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

நம்பருக்குப் பக்கத்துல ரெண்டு எழுத்து

நிறைய பேர் கெட்டித்தன்மையோட நின்னுடுறாங்க. பக்கத்துலயே எஸ்.என்., எஸ்.பி.ன்னு ரெண்டு எழுத்து இருக்கும், அதையும் பார்க்கணும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. தர்ற தர முத்திரை அது. ‘எஸ்’ பெட்ரோல் வண்டிக்கு. அடுத்த எழுத்து எவ்வளவு தள்ளி வருதோ, அவ்வளவு புதுத் தரம். எஸ்.என். 2010-ல் வந்தது, எஸ்.பி. 2020-ல். 2025 மார்ச் முடிவுல ‘எஸ்.க்யூ.’வும் வந்தாச்சு.

டர்போ பெட்ரோல் கார் வாங்கினவங்க இதுல கண்டிப்பா கறாரா இருக்கணும். கம்மி ஆர்.பி.எம்.ல, பெரிய கியர்ல திடீர்னு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே உள்ளே எரிபொருள் தீப்பிடிக்கிற பிரச்னை இந்த இன்ஜின்களுக்கு உண்டு. பிஸ்டனையே உடைக்கிற அளவுக்கு முரட்டு அடி! ஆயில்ல சேர்க்கிற கால்சியம் டிடர்ஜென்ட் இதைத் தூண்டுதுன்னு கண்டுபிடிச்சு, அதுல ஒரு பகுதியை எடுத்துட்டு மெக்னீசியத்தைச் சேர்த்தாங்க. எஸ்.பி. தரத்துல இதுக்குத் தனி டெஸ்ட்டே இருக்கு. டைமிங் செயின் தேய்மானத்துக்கும் ஒண்ணு. அதனால பழைய ஸ்டாக் எஸ்.எல்., எஸ்.எம். ஆயிலை ‘விலை கம்மி சார்’னு யாராவது நீட்டினா, கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

டீசல் குடும்பங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு, டீசல் கார்கள்ல புகைக்கரியைப் பிடிச்சு எரிக்கிற டி.பி.எஃப். ஃபில்டர் பரவலா வந்தாச்சு. சாம்பல் குறைவா விடுற ‘லோ சாப்ஸ்’ ஆயில்தான் அதுக்கு ஒத்துக்கும். மத்ததை ஊத்தினா ஃபில்டர் அடைக்கும், ஃபில்டர் விலையைக் கேட்டா நமக்கு மூச்சு அடைக்கும்.

‘ஃபுல்லி சிந்தெடிக்’ங்கிற வார்த்தைக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. கச்சா எண்ணெயில இருந்து எடுத்ததையே ஹைட்ரஜன் விட்டுப் பிரிச்சு, சுத்தம் பண்ணி காஸ்ட்ரால் ‘சிந்தெடிக்’னு வித்தப்போ, ‘ரசாயனக் கூடத்துல முழுசா உருவாக்கினதுக்குத்தான் அந்தப் பேரு’ன்னு மொபில் கோதாவுல குதிச்சது. அமெரிக்க விளம்பரத் துறையோட தீர்ப்பாயம் 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் பேசிடுச்சு. அன்னியில இருந்து அந்த வார்த்தையை மட்டும் வெச்சு உள்ளே எந்த வகை எண்ணெய்னு கண்டுபிடிக்க முடியாது. அதுக்காக அது மட்டம்னு அர்த்தமில்லை. அந்த வகையும் நல்ல சரக்குதான். ‘செமி சிந்தெடிக்’ல எத்தனை சதவிகிதம் எதுன்னு பெரும்பாலும் டப்பாவுல இருக்காது. இன்னொரு விஷயம்... காஸ்ட்ரால்ங்கிற பேரே ‘காஸ்டர் ஆயில்’ல இருந்து வந்தது. அதாங்க, நம்ம விளக்கெண்ணெய்! இனிமே ஃப்ரெண்டை அப்படித் திட்டும்போது கொஞ்சம் மரியாதை கொடுங்க.

எப்போ மாத்தணும்? பல பெட்ரோல் கார் மேனுவல்கள்ல 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. அந்த ‘ஒரு வருஷம்’தான் எங்க வீட்டு மாதிரிக் குடும்பங்களுக்கு முக்கியம். தம்பி ஸ்கூல், அம்மாவோட மார்க்கெட்னு தினமும் மூணு, நாலு கிலோமீட்டர்தான் ஓட்டம். அதுக்குள்ள ஆயில் முழுசா சூடாகாது. உள்ளே சேர்ற நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாம ஆயில்லயே தங்கிடும். 2025-ல் நாடு முழுக்க 20% எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தாச்சு, எத்தனாலுக்கோ தண்ணி மேல தனிப் பாசம். மேனுவலோட கடைசிப் பக்கங்கள்ல ‘கடினமான உபயோகம்’னு தனி அட்டவணை இருக்கும். தூசு, டிராஃபிக், குறுகிய தூர ஓட்டம் எல்லாம் அதுல அடக்கம். படிச்சுப் பாருங்க, அட, நம்ம ஊரையே எழுதி வெச்சிருக்காங்களேன்னு தோணும்! வாரத்துல ஒரு நாள் பைபாஸ்ல அரை மணி நேரம் ஓட்டினாலே ஆயிலுக்குப் பாதி நிவாரணம். அப்பாகிட்ட சாவி வாங்க நமக்கும் ஒரு சாக்கு.

ஆயில் கறுத்துப் போச்சுன்னு மட்டும் பதறாதீங்க. உள்ளே இருக்கிற அழுக்கை அது தன்னோட மிதக்க வெச்சிருக்குன்னு அர்த்தம். டீசல்னா மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும். டிப்ஸ்டிக்ல அளவைப் பாருங்க, அது முக்கியம். சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, சில நிமிஷம் விட்டுட்டுப் பார்க்கணும். மேல் கோட்டுக்கு மேலயும் போகக்கூடாது. கிராங்க் ஷாஃப்ட் அடிச்சு ஆயிலை நுரைக்க வெச்சிடும், நுரையைப் பம்ப் உறிஞ்சினா பிரஷர் காலி.

ஒரு சர்வீஸ் சென்டர்ல எங்க பில்லைப் பார்த்தா ஆயிலுக்குக் கீழே ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘ஆயில் ட்ரீட்மென்ட்’னு ரெண்டு வரி. கேட்காமலே! ‘‘மேனுவல்ல எந்தப் பக்கத்துல இதைப் போடச் சொல்லியிருக்கு, காட்டுங்க சார்’’னு கேட்டோம். ரெண்டு வரியும் மறைஞ்சு போச்சு. நீங்களும் இதே கேள்வியைக் கேளுங்க, காசு மிச்சம்.

எங்க வீட்டுத் தீர்ப்பு 0டபிள்யூ-20, எஸ்.பி. தரம், வருஷத்துக்கு ஒரு தடவை. ‘‘அம்பதாயிரம் ஓடட்டும், அப்புறம் பேசுவோம்மா’’ன்னு சவால் விட்டிருக்கார் மெக்கானிக் அண்ணன். நானும் ஓகே சொல்லிட்டேன்.

வெளியில வாங்கினீங்கன்னா சீலைப் பார்த்து, பில்லோட வாங்குங்க. காலி டப்பாவைக் குத்திக் கிழிச்சுப் போடுங்க, இல்லைன்னா அதுலயே போலிச் சரக்கு நிரம்பி மறுபடி கடைக்கு வரும். வடிச்ச பழைய ஆயில் அரசு விதிப்படி அபாயகரமான கழிவு. சாக்கடையில ஊத்தாம, வாங்கிக்கிற இடத்துல கொடுத்துடணும். நாலு லிட்டர் டப்பாவுல மிஞ்சுற அரை லிட்டர் மேல நம்ம பசங்க கண்ணு போகும், ‘மச்சி, பைக்ல ஊத்திரலாமா?’ன்னு. வேணாம் பாஸ்! பெரும்பாலான பைக்ல கிளட்ச் ஆயில்லயே முங்கிக் கிடக்கும். கார் ஆயில்ல இருக்கிற வழுக்கல் சமாசாரம் அதை ஸ்லிப் ஆக வெச்சிடும். பைக்குக்கு ‘ஜாசோ எம்.ஏ.’ன்னு போட்ட டப்பா தனியா இருக்கு. மிஞ்சின அரை லிட்டரை மூடி இறுக்கி டிக்கியில வைங்க, கொல்லிமலை ட்ரிப்ல டிப்ஸ்டிக் கீழே இறங்கினா டாப்-அப்புக்கு ஆகும்.