ஃபோல்டிங் சைக்கிள் வாங்கப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி கார் டிக்கியை அளந்துடுங்க!

வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள் ஓட்டினா போதும். ஃபிளாட்டில் நிறுத்த இடம் இல்லை. கீழே பார்க்கிங்கில் விட்டால் மழை, தூசி, திருட்டு பயம். லீவுக்குப் போகும்போது காரில் போட்டு எடுத்துட்டுப் போனா நல்லா இருக்கும். இப்படி யோசிக்கிறவங்க கடைசியில் வந்து நிற்கிற இடம் ஃபோல்டிங் சைக்கிள், அதாவது மடக்கு சைக்கிள்.

மொபைலில் ஒரு தடவை தேடிட்டா போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு அதே விளம்பரம்தான். 21 கியர், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், சொகுசு கார் கம்பெனி பெயரில் ஒரு ஸ்டிக்கர். விலையும் ‘பரவாயில்லையே’ என்று சொல்ல வைக்கும். ஆனால் எப்போதாவது ஓட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது மடக்கின பிறகு அது எவ்வளவு இடத்தை அடைக்கும், எவ்வளவு கனக்கும் என்பதைத்தான். மடக்குறதும் தூக்குறதும் சிரமமா இருந்தா, ரெண்டாவது வாரத்தில் இருந்து யாரும் மடக்க மாட்டாங்க. அப்புறம் அது பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டு ஆகிடும்.

எங்கே வைக்கப் போறீங்க?

பரவலாகக் கிடைக்கிற 20 இன்ச் சக்கர மாடல்கள் பெரும்பாலும் ஃபிரேமின் நடுவில் பாதியாக மடிபவை. மடக்கினால் தோராயமாக 80 செ.மீ. நீளம், 65 செ.மீ. உயரம், 35 முதல் 40 செ.மீ. அகலம் வரும். விளம்பரங்களில் அதிகம் வருகிற 26 இன்ச் ‘மவுன்டன்’ வகை இன்னும் பெரிசு. சக்கரம் மட்டுமே கிட்டத்தட்ட 66 செ.மீ. விட்டம் என்பதால், மடக்கினாலும் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பக்கத்தில் நிற்கும். சின்ன ஹேட்ச்பேக் காரில் பின் சீட்டைச் சாய்க்காமல் அது உள்ளே போகாது.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கு. பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி, டேப் ஒட்டி, 80 x 65 x 40 செ.மீ. அளவில் ஒரு பெட்டி செய்யுங்க. டிக்கியில் வச்சுப் பாருங்க. வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில், கதவுக்குப் பின்னால் வச்சுப் பாருங்க. பெட்டிக்கே இடம் இல்லைன்னா சைக்கிளுக்கும் இல்லை.

மெட்ரோவில் கொண்டு போற திட்டம் இருந்தா இன்னும் கவனம் வேண்டும். பெங்களூரு மெட்ரோ 2020 நவம்பரில் மடக்கு சைக்கிளுக்கு அனுமதி கொடுத்தபோது சொன்ன அளவு 60 x 45 x 25 செ.மீ., எடை 15 கிலோவுக்குள். மேலே சொன்ன 20 இன்ச் சைக்கிள் இந்த அளவுக்குள் அடங்காது. மூன்றாக மடிந்து ரொம்பச் சின்னதாகும் என்று பேர் வாங்கிய லண்டன் பிராம்ப்டன் சைக்கிளே மடக்கினால் ஏறத்தாழ 58 x 56 x 27 செ.மீ. வருகிறது! அதன் விலையோ ஒரு லட்சத்துக்கும் மேல். அதே 2020-இல் கொச்சி மெட்ரோ சாதாரண சைக்கிளையே ஏற்ற விட்டது. ஊருக்கு ஊர் விதி வேற. அதனால் பணம் கட்டுறதுக்கு முன்னாடி உங்க ஸ்டேஷனில் அளவைக் கேட்டுடுங்க.

எடைக்கு காலி சிலிண்டர் கணக்கு

ஸ்டீல் ஃபிரேம் என்றால் 14 முதல் 16 கிலோ, அலுமினியம் என்றால் 11 முதல் 13 கிலோ. நம்பராகக் கேட்டால் சின்னதாகத் தெரியும். வீட்டில் இருக்கும் காலி கேஸ் சிலிண்டர் சுமார் 15 கிலோ. அதை ஒரு கையால் தூக்கி இரண்டு மாடி ஏறிப் பாருங்க. சிலிண்டரையாவது வளையத்தைப் பிடிச்சுத் தூக்கலாம். சைக்கிளில் பெடல் முழங்காலில் இடிக்கும், செயின் பேன்ட்டில் கறையாக்கும். லிஃப்ட் இருக்கிறவங்களுக்கும், டிக்கியிலேயே வச்சிருக்கிறவங்களுக்கும் ஸ்டீல் போதும். மாடி ஏறணும்னா கூடுதல் காசு கொடுத்து அலுமினியம் வாங்கலாம்.

சக்கரத்தில் 20 இன்ச்தான் எப்போதாவது ஓட்டுபவருக்குச் சரியான நடுவழி. 16 இன்ச் சின்னதாக மடியும், ஆனால் நம்ம ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். இன்னொரு காரணம், 20 இன்ச் டயரும் டியூபும் பெரும்பாலும் பிள்ளைகள் சைக்கிளில் போடும் அதே அளவுதான், அதனால் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். 16 இன்ச்சில் ஒரு சிக்கல் இருக்கு. ஒரே ‘16’ என்ற பெயரில் ரெண்டு அளவு உண்டு. குழந்தை சைக்கிளுக்கு ரிம் 305 மி.மீ., பிராம்ப்டன் போன்றவற்றுக்கு 349 மி.மீ. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது.

‘சின்னச் சக்கரம், நிறைய மிதிக்கணுமே’ என்ற கவலை எல்லாருக்கும் வரும். அதுக்காகத்தான் முன்னால் பெரிய பல்சக்கரம் வைக்கிறாங்க. முன்னால் 48 பல், பின்னால் 16 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் மூன்று சுற்று சுற்றும். 20 இன்ச் சக்கரத்தில் அது நாலரை மீட்டர் தூரம். ஊருக்குள் ஓட்ட அது தாராளம்.

கீலில்தான் உயிர் இருக்கு

மடக்கு சைக்கிள் புது ஃபேஷன் ஒன்றும் இல்லை. அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் வழியாக நமக்குத் தெரிந்த அதே பிஎஸ்ஏ, அதன் பிரிட்டன் தாய்க் கம்பெனி, இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காக மடக்கு சைக்கிள் செய்தது. ஃபிரேமின் நடுவில் கீல், அதை இறுக்க காது வைத்த நட்டுகள். இன்றைக்கு நட்டுக்குப் பதில் லீவர் வந்திருக்கிறது. மற்றபடி தத்துவம் அதேதான்: சாதாரண சைக்கிளில் ஒரே குழாயாக இருக்கும் இடத்தில் இங்கே ஒரு கதவு இருக்கு. ஓட்டும்போது அந்தக் கதவு திறக்கக் கூடாது.

அதனால் கடையில் கலரைப் பார்ப்பதற்கு முன் கீலைப் பாருங்க. பொதுவாக ரெண்டு கீல் இருக்கும், ஒன்று ஃபிரேமில், இன்னொன்று ஹேண்டில்பார் தண்டின் அடியில். லீவரை மூடியதும், அது தானாகத் திறக்காமல் தடுக்கும் இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கணும். அது இல்லாத சைக்கிளை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுடுங்க. அடுத்து, முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டுங்க. ‘டக் டக்’னு ஆட்டம் தெரிந்தால் கடைக்காரரையே இறுக்கிக் காட்டச் சொல்லுங்க. இறுக்கிய பிறகும் ஆடினால் வேற பீஸ் கேளுங்க.

உயரமானவங்க சீட் குழாயில் இருக்கும் கோட்டையும் பார்க்கணும். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்குத் தூக்கினால் குழாய் வளையலாம், ஃபிரேமே விரிசல் விடலாம். தாங்கும் எடையும் பெரும்பாலும் சைக்கிளிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். பல மாடல்களில் அது 100 கிலோ அல்லது அதைச் சுற்றித்தான்.

கடைக்காரர் மடக்கிக் காட்டுவார், பத்தே செகண்டில். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்களே ரெண்டு தடவை மடக்கி, விரித்து, பத்தடி தூக்கிட்டு நடந்து பாருங்க.

கியர், பிரேக் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. சமதளமான ஊரில் கியர் இல்லாததே போதும், பராமரிப்பும் குறைவு. வழியில் மேம்பாலம் இருந்தால் 6 அல்லது 7 கியர். பிரேக்கில் ரப்பர் கட்டை பிடிக்கும் வி-பிரேக்கே போதுமானது. டிக்கியில் ஏற்றி இறக்கும்போது டிஸ்க் இடிபட்டு வளைந்தால் உரசிக்கிட்டே இருக்கும்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

ஓரளவு பேர் தெரிந்த, சர்வீஸ் கிடைக்கிற 20 இன்ச் மாடல்கள் சுமார் 15,000 ரூபாயில் ஆரம்பித்து 30,000 வரை போகின்றன. எப்போதாவது ஓட்ட இந்த வரிசையின் கீழ்ப் பாதியே போதும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லில் அது சரியா இருக்கான்னு பாருங்க. காரில் ஏற்றும் வேலையும் இல்லை, வீட்டில் இடமும் இருக்கு என்றால், இதில் பாதி விலைக்கே சாதாரண சைக்கிள் கிடைக்கும். அதுதான் ஓட்டவும் சுகம்.

செகண்ட் ஹேண்டும் நல்ல வழிதான். ஆசையாக வாங்கி, நாலு தடவை ஓட்டி, தூசி படிய விட்டவங்க விற்பது உண்டு. டயர் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கலாம். கீலைச் சுற்றியும், வெல்டிங் பக்கத்திலும் பெயின்ட்டில் மயிரிழை மாதிரி கோடு ஓடுதான்னு மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. கோடு இருந்தால், விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம். அப்படியே வந்துடுங்க.