பாட்டியின் படம் எங்கே?

வீட்டில் மூத்தவர் ஒருவர் இறைவனடி சேர்ந்ததும், அடக்கத் திருப்பலிக்கு நேரம் குறித்துவிட்டுப் பிள்ளைகள் முதலில் தேடுவது ஒரு படத்தைத்தான். முப்பதாம் நாள் நினைவு அட்டையில் அச்சிடவும் படம் வேண்டுமே! வீட்டிலுள்ளோர் கைப்பேசிகளில் பேரப்பிள்ளைகளின் படங்கள் குவிந்து கிடக்கும். பாட்டியோ ஏதோ ஒரு திருமணக் கூட்டத்தில், மூன்றாம் வரிசையில், பாதி முகமாய் நிற்பார். அதை வெட்டிப் பெரிதாக்கி மங்கலாய்த் தருவார் ஸ்டூடியோக்காரர். இந்நிலையைப் பல இல்லங்களில் நாம் கண்டிருக்கிறோம்.

கைப்பேசிப் படம் பிறந்ததே குடும்பப் பாசத்தினால்தான் எனலாம். 1997 ஜூன் 11 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிலிப் கான் என்பவர் சிறு டிஜிட்டல் கேமராவையும் கைப்பேசியையும் மடிக்கணினியையும் இணைத்து, அன்று பிறந்த தம் மகளின் படத்தை மருத்துவமனையிலிருந்தே உற்றார்க்கும் நண்பர்க்கும் அனுப்பினார். தொட்டிலை நோக்கிய அக்கண்ணை, சாய்வு நாற்காலியின் பக்கமும் சற்றுத் திருப்பினால் என்ன?

முதற்கண் லென்சைத் துடைக்க வேண்டும். சமையலறையிலும் சட்டைப்பையிலும் புழங்கும் பொருளில் எண்ணெய்ப்பசை படிவது இயல்பே. மெல்லிய பருத்தித் துணி போதும்.

அடுத்தது ஒளி, பாதி வேலை இதில்தான் உள்ளது. குழல்விளக்கின் நேர்கீழே அமர்த்தினால் கண்கள் குழிவிழுந்து தோன்றும். காலை வேளையில், நேர்வெயில் படாத சன்னலருகிலோ திண்ணையிலோ, முகம் வெளிச்சத்தைப் பார்க்குமாறு அமரச் செய்யுங்கள். சன்னல் முதுகுப்புறம் இருப்பின் முகம் கறுத்துப்போகும். பிளாஷ் வேண்டாம், மூக்குக்கண்ணாடியில் அது பளிச்சிட்டுக் கண்களை மறைக்கும்.

மிக நெருங்கி எடுத்தால் மூக்குப் பெருத்துக் காது ஒடுங்கும். ஏறத்தாழ 5 அடி தள்ளி, அவர் கண்மட்டத்துக்குக் கைப்பேசியைத் தாழ்த்திப் பிடியுங்கள். திரையில் அவர் முகத்தைத் தொட்டால் தெளிவும் ஒளியளவும் அங்கே அமையும். விரல்களால் விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தின் ஓரங்களை வெட்டுவதேயன்றி வேறில்லை.

"எனக்கெதுக்குப் படம்?" என்று பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். வற்புறுத்தாதீர்கள். செபமாலையோ அரிசி முறமோ அவர் கையில் இருக்கட்டும். புதுநன்மை வாங்கிய நாளைப் பற்றிக் கேளுங்கள். அவர் பேசப் பேசப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தால் ஒன்றேனும் அவராகவே அமையும். சுருக்கங்களை அழித்து முகத்தை மெழுகும் 'பியூட்டி' வசதியை முன்னரே நிறுத்திவிடுங்கள். அச்சுருக்கங்கள் அவர் உழைத்துச் சேர்த்தவை அன்றோ!

இவையெல்லாம் வீட்டில். திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது கைப்பேசிகள் உயர்வது நமக்கு உவப்பன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8 அன்று இதனை வருத்தத்துடன் கண்டித்தார். ஆயர்களும் குருக்களும்கூட அக்கண்டனத்திற்குத் தப்பவில்லை.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பொதுவாகச் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புவதே நன்று. 6க்கு 4 அங்குலத் தாளில் இரண்டு பிரிண்ட் போடுங்கள். ஒன்றை உறையிலிட்டு, உறைமேல் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிக் குடும்ப விவிலியத்தோடு வையுங்கள். மற்றொன்று பாட்டிக்கு. கண்ணாடியைத் தேடி எடுத்து அவர் பார்க்கட்டும்.