கலந்தது எது? எவ்வளவு கலந்தது?
அணிகள் எப்படி இயங்குகின்றன?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் உருவக அணி என்றால் என்ன என்று கேளுங்கள். இலக்கணம் மடமடவென்று வரும். பாடநூலில் இல்லாத நாலு வரியைக் காட்டி, இதில் வந்துள்ள அணி எது என்று கேளுங்கள். அதே பிள்ளை விழிக்கும். படிப்பில் குறை இல்லை, படித்த விதத்தில்தான் குறை. அணியின் பெயரை மனப்பாடம் செய்தாயிற்று, அது செய்யும் வேலையை யாரும் காட்டவில்லை.

அஞ்சறைப்பெட்டியைத் திறந்து இது கடுகு, இது சீரகம், இது வெந்தயம் என்று காட்டினால் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். இறக்கி வைத்த குழம்பை ஒரு வாய் ருசித்து, இதில் வெந்தயம் போட்டிருக்கிறது என்று சொல்வதற்கு வேறு பழக்கம் வேண்டும். தேர்வு நம் முன்னால் வைப்பது குழம்பை. ஆகவே திருப்புதலும் குழம்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் உவமை

பொரியலில் தேங்காய்ப்பூ தூவுகிறோம். காய் காயாகத் தெரிகிறது, தேங்காய் தேங்காயாகத் தெரிகிறது, இரண்டும் சேர்ந்து ஒரு ருசி கிடைக்கிறது. உவமை அணி இப்படித்தான் இயங்குகிறது. “மேகம் போலக் கொடுக்கும் அவள் கை” என்று ஒரு தொடரை எழுதிக்கொள்வோம். சொல்ல வந்தது கை, அது உவமேயம். அதற்குத் துணையாக வந்தது மேகம், அது உவமை. ‘போல’ என்பது உவம உருபு. இரண்டுக்கும் பொதுவான கொடுத்தல், பொதுத்தன்மை. நான்கையும் விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

பொதுத்தன்மையைத் தேடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதற்கான வழியைத் தொல்காப்பியர் உவமவியலில் வகுத்து வைத்திருக்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை செயலில் இருக்கிறது. மழை போன்ற கொடை என்றால் பயனில். துடி போன்ற இடை என்றால் வடிவில். பவளம் போன்ற வாய் என்றால் நிறத்தில். எந்த உவமையைக் கண்டாலும் இந்த நான்கில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், பொதுத்தன்மை பிடிபட்டுவிடும்.

அதே சரக்கு, வேறு பக்குவம்

உவமையைப் புரிந்துகொண்டால் அதன் குடும்பத்தில் இன்னும் மூன்று அணிகள் எளிதாகிவிடும். கையும் மேகமும் அப்படியே இருக்கட்டும், கலக்கும் அளவை மட்டும் மாற்றுவோம்.

“மேகம் எந்த வயலிடமும் விலை கேட்பதில்லை, அவள் கொடுத்ததற்குக் கணக்குப் பார்ப்பதில்லை.” இங்கே ‘போல’ இல்லை. இலையில் சோற்றைப் பரிமாறி, பக்கத்திலேயே குழம்பையும் ஊற்றிவிட்டார்கள். பிசைந்துகொள்வது சாப்பிடுகிறவர் பொறுப்பு. ‘அதுபோல’ என்ற சொல்லை வாசகர்தான் நடுவில் போட்டுக்கொள்கிறார். இது எடுத்துக்காட்டு உவமை அணி. மணற்கேணியில் தோண்டத் தோண்ட நீர் ஊறும், மக்களுக்குக் கற்கக் கற்க அறிவு ஊறும் என்று வள்ளுவர் சொல்லும் 396ஆம் குறள் இந்த வகை.

“கைமேகம் பொழிந்தது.” இப்போது இரண்டையும் அம்மியில் வைத்து அரைத்தாயிற்று. சட்னியிலிருந்து தேங்காயை மட்டும் தனியே எடுக்க முடியாது. கைதான் மேகம், வேறு வேறு அல்ல. இது உருவக அணி. தேர்வில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுவே. ‘மேகக்கை’ என்று எழுதினால் மேகம் போன்ற கை என்று விரியும், அது உவமைத்தொகை. ‘கைமேகம்’ என்று உவமேயம் முன்னால் வந்தால் கையாகிய மேகம் என்று விரியும், அது உருவகம். ‘போன்ற’ என்று விரிகிறதா, ‘ஆகிய’ என்று விரிகிறதா என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

“மேகம் எந்த வயலிடமும் விலை கேட்பதில்லை.” இவ்வளவுதான் வரி. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஆனால் பேச்சு அவளைப் பற்றியது. ரசத்தில் புளி கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும். உவமையை மட்டும் சொல்லி உவமேயத்தை நம்மை உணரவைக்கும் இந்த அணி பிறிதுமொழிதல். 475ஆம் குறளில் வள்ளுவர் மயில்தோகையையும் வண்டி அச்சையும் பற்றி மட்டுமே பேசுகிறார்: தோகை மெல்லியதுதான், அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும். வலியறிதல் அதிகாரத்தில் நிற்பதால், எளிய பகைவர் பலர் ஒன்றுசேர்ந்தால் வலிய அரசனும் வீழ்வான் என்பது நமக்குத் தெரிகிறது. பிறிதுமொழிதல் வந்தால் பாடலின் சூழலைப் பாருங்கள். மறைந்திருக்கும் பொருள் அங்கேதான் இருக்கும்.

‘போல’ வந்தாலே உவமையா?

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதிலில் கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுப்பதுபோல இருந்தனவாம். பாடலில் ‘போல்’ இருக்கிறது. அதைப் பார்த்ததும் உவமை என்று எழுதிவிட்டால் மதிப்பெண் போய்விடும். காற்றில் கொடி அசைவது இயல்பு. கோவலன் அந்த ஊரில் கொலையுண்ணப் போகிறான் என்பதை மனத்தில் வைத்து, அந்த அசைவுக்குத் தம் கருத்தை ஏற்றுகிறார் இளங்கோவடிகள். வெந்த பருப்பில் தாளிப்பைக் கொட்டியதுபோல இயல்பான நிகழ்ச்சியின் மேல் கவிஞரின் குறிப்பு வந்து விழுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கவிஞர் சொல்லும் காரணத்தை எடுத்துவிடுங்கள். கொடி அசைவது அப்படியே நிற்கிறதா? நின்றால் அது தற்குறிப்பேற்ற அணி.

இதற்கு நேர் எதிர் தன்மை அணி. உப்பு மட்டும் போட்டு அவித்த கிழங்கு அது, தாளிப்பே கிடையாது. பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகியின் உடலில் படிந்த புழுதி, விரிந்த கூந்தல், கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் பாடல் இதற்குச் சான்று. எதையும் ஏற்றாமலே நெஞ்சை அறைகிறது.

பரிமாறும் முறை

சில அணிகளின் அழகு சொற்களை அடுக்கும் முறையில் இருக்கிறது. “மலர்ந்தன சோலையில் கொன்றையும், குளத்தில் தாமரையும், திருவிழாத் தெருவில் முகங்களும்” என்ற தொடரில் ‘மலர்ந்தன’ ஒருமுறைதான் வருகிறது. ஒரே சாம்பார் வாளி பந்தி முழுக்கப் போவதுபோல அந்தச் சொல் மூன்று இடத்திலும் பொருள் தருகிறது. இது தீவக அணி. நிரல்நிறை அணியில் முதல் வரிசையில் உள்ளவற்றுக்கு அடுத்த வரிசையில் உள்ளவை முறையே பொருந்தும். இல்வாழ்க்கைக்கு அன்பும் அறனும், பண்பும் பயனும் என்று நிறுத்தும் 45ஆம் குறளில், அன்பு பண்பாகிறது, அறன் பயனாகிறது. வரிசை கலைந்தால் பொருளும் கலையும்.

விடைத்தாளில்

அணியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அதை நிறுவ வேண்டும். அணியின் இலக்கணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பாடலின் பொருளைச் சொந்த நடையில் சொல்லுங்கள். பிறகு அணிப்பொருத்தம்: உவமை இது, உவமேயம் இது, உவம உருபு இது அல்லது மறைந்து வந்துள்ளது என்று பிரித்துக் காட்டுங்கள். எழுதியது சரியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் தவறான அணிக்கு இந்தப் பொருத்தம் கூடிவராது.

தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று வகுக்கிறது. அத்தனையையும் பட்டியலாக உருப்போட வேண்டாம். தினமும் தெரியாத பாடல் ஒன்றை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே பொருள் ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் எவ்வளவு கலந்திருக்கின்றன? ஒன்று என்றால் கவிஞர் அதன்மேல் எதையாவது ஏற்றியிருக்கிறாரா? பிறகு நீங்களே ஒரு தொடரை எழுதி, அதை உவமையாகவும் உருவகமாகவும் பிறிதுமொழிதலாகவும் மாற்றிப் பாருங்கள். பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளிடம் இலக்கணம் ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரு வரியைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தானே ஓர் உவமையைக் கட்டிய பிள்ளை எந்தத் தேர்விலும் அதை அடையாளம் காணும்.