பந்தல் இல்லை, பாசனம் இல்லை... நூறு வயதிலும் காய்க்கும் கர்னாச்சா திராட்சை!

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, எப்ரோ ஆற்றுப் படுகையில் இருக்கிறது காம்போ தே போர்ஹா. 2,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மொன்கயோ மலையின் அடிவாரம். ஆண்டு முழுக்கப் பெய்கிற மழை சுமார் 400 மில்லிமீட்டர்தான். போதாக்குறைக்கு, வடமேற்கிலிருந்து 'சியெர்சோ' என்ற வறண்ட காற்று ஆளையே தள்ளுகிற வேகத்தில் வீசும். கல்லும் சரளையுமான இந்த மானாவாரி நிலத்தில்தான் 'கர்னாச்சா' என்ற கறுப்புத் திராட்சை விளைகிறது. பிரான்சில் இதன் பெயர் கிரெனாஷ். சொந்த ஊர் ஸ்பெயினின் அரகோன் பகுதி என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சாப்பிடுகிற பழமல்ல இது, சிவப்பு ஒயினுக்கானது.

திராட்சை என்றதும் பந்தல்தான் கண்முன் வரும். பழைய கர்னாச்சா தோட்டங்களில் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. அடிமரம் தடித்து, கிளைகள் நிமிர்ந்து வளரும் ரகம் என்பதால் தன் காலிலேயே நிற்கும். முழங்கால் உயரத்தில் தண்டை நிறுத்தி, நாலைந்து கைகளை மட்டும் சுற்றிலும் விரியவிடுகிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒவ்வொரு கையிலும் இரண்டு கணு விட்டு மீதியைக் கவாத்து செய்துவிடுவார்கள். கொடி ஒரு குவளை மாதிரி இருக்கும். இந்த முறைக்கு அவர்கள் மொழியில் 'வாசோ' என்று பெயர். அதற்கு அர்த்தமும் குவளைதான். குட்டையாக இருப்பதால் காற்று முறிக்காது, வெயில் காலத்தில் குலைகள் இலை நிழலில் இருக்கும். கொடிக்குக் கொடி நல்ல இடைவெளி விடுவதால், இருக்கிற ஈரத்துக்குப் போட்டியும் குறைவு.

குறை இல்லாத ரகம் என்று சொல்லிவிட முடியாது. பூக்கும் சமயம் குளிரோ மழையோ வந்தால் பூ கொட்டிப்போய், குலையில் மணி பிடிக்காது. அடிச்சாம்பல் நோய்க்கு எளிதில் ஆளாகும். தாமதமாகப் பழுக்கிற ரகம் என்பதால், அறுவடைக்கு முன் மழை பிடித்துக்கொண்டால் குலை அழுகும். தோல் மெல்லியது. ஒயினுக்கு நிறம் தருவது பழத்தோல்தான் என்பதால், தண்ணீர் விட்டு மகசூலைக் கூட்டினால் சாறு வெளிறிப்போகும். சர்க்கரை அதிகம், நொதிக்கும்போது அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறும். அதனால் 14, 15 சதவிகிதம் ஆல்கஹால் என்பது கர்னாச்சா ஒயினில் சாதாரணம்.

பிடுங்கினால் பணம்!

இங்கே பெரும்பாலும் சிறு விவசாயிகள். பழத்தைக் கூட்டுறவு ஆலைக்குக் கொண்டுபோவார்கள். முன்பெல்லாம் எடையையும் சர்க்கரை அளவையும் வைத்துத்தான் பணம். நூறு வயதுக் கொடியின் பழமா, பத்து வயதுக் கொடியின் பழமா என்று பெரும்பாலும் பார்க்கவில்லை. கொடிக்கு வயது ஏற ஏறக் காய்ப்பு குறையும். குவளை முறைக் கொடிக்குள் அறுவடை இயந்திரமும் நுழையாது. குனிந்து கையால்தான் வெட்ட வேண்டும். கூலி அதிகம், வரவு குறைவு.

1986-ல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. அப்போது ஐரோப்பா முழுக்க ஒயின் விற்காமல் தேங்கிக் கிடந்தது. 1988-ல் கொண்டுவந்த விதிப்படி, திராட்சைத் தோட்டத்தை நிரந்தரமாகக் கைவிடுகிறவருக்கு மானியம் கொடுத்தார்கள். முதலில் பலியானவற்றில் மகசூல் குறைந்த, மலைச்சரிவுக் கர்னாச்சா தோட்டங்கள் நிறைய. வேறு சிலர் கர்னாச்சாவை எடுத்துவிட்டு, அரசு சிபாரிசு செய்த டெம்ப்ரனில்லோ ரகத்துக்கு மாறினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால், காலத்தை என்னவென்று சொல்வது! அதே சமயத்தில், கட்டலோனியாவின் பிரியோராத் மலைகளில் ரெனே பார்பியே என்பவரோடு சில இளைஞர்கள் சேர்ந்து, கைவிடப்பட்ட பழைய தோட்டங்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே மண் என்று சொல்வதைவிடக் கறுத்த பலகைக்கல் என்று சொல்லலாம். உள்ளூரில் 'லிகோரேயா' என்பார்கள். கல் இடுக்குகள் வழியே வேர் ஆழமாக இறங்கி ஈரம் தேடும். காய்ப்பு மிகக் குறைவு, சாறு கெட்டியானது. 1989 அறுவடையில் அவர்கள் செய்த ஒயின் உலகின் கவனத்தைத் திருப்பியது. அவர்களில் ஒருவரான ஆல்வரோ பலாசியோஸ் 1993 முதல் பெரும்பகுதி கர்னாச்சாவைக் கொண்டு தயாரிக்கும் 'லெர்மிதா', இன்று மிக விலை உயர்ந்த ஒயின்.

இப்போது 'பழைய கொடி' என்ற சொல்லைச் சீட்டில் அச்சடித்து விற்கிறார்கள். காம்போ தே போர்ஹா கூட்டுறவுகளும் பழைய தோட்டத்துப் பழத்தைத் தனியாகப் பிரித்து ஒயின் செய்கின்றன. பிடுங்கிய கொடிகள் பிடுங்கியவைதான். புதிதாக நட்டால் மூன்றாம் ஆண்டில் பழம் பார்க்கலாம். அந்த வயது வர இன்னும் இரண்டு தலைமுறை ஆகும்.

மாட்ரிட்டுக்கு மேற்கே கிரெதோஸ் மலைச்சரிவுகளில் தப்பிப் பிழைத்த கர்னாச்சா தோட்டங்கள் சில இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் சிறு சிறு துண்டு நிலங்கள். வயதானவர்கள் விட்டுவிட்டுப் போனவற்றை இளம் தயாரிப்பாளர்கள் எடுத்துப் பராமரிக்கிறார்கள். டிராக்டர் ஏறாத சரிவில் உழவுக்குக் கோவேறு கழுதையை இறக்கியிருக்கிறார்கள்.