புலனாய்வு யார் கையில்?

2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் பொறுப்பில் கொண்டுவர வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தூத்துக்குடி மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிட்டது. அந்த நிலையத்தில் அடித்துத் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட வியாபாரிகளான தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, சில மணி நேர இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மாண்டிருந்தார்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சவப் பரிசோதனை முடிந்திருந்தது. விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவரோ, காவலர்கள் தமக்கு ஒத்துழைக்கவில்லையென்றும், ஒருவர் ஏளனமாகப் பேசினாரென்றும், கேமராப் பதிவுகள் அன்றன்றைக்கே தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தனவென்றும் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தார். வழக்கு சி.பி.ஐ.யிடம் போய்ச் சேருவதற்குள் தடயங்கள் மறைந்துவிடக்கூடும் என்று கருதிய நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும், திருநெல்வேலி சி.பி.சி.ஐ.டி. துணைக் கண்காணிப்பாளர் உடனே புலனாய்வை ஏற்க வேண்டுமென்று மறுநாள் பணித்தார்கள். ஜூலை முதல் தேதி இரவே கைதுகள் தொடங்கின.

நீதிமன்றத்தின் துரிதத்தை மெச்சுவது நியாயமே. ஆயினும் அந்த நடுவர் காவல் நிலையத்தின் வாசலை மிதித்தது எவருடைய தயவினாலும் அன்று. 2005இல் நாடாளுமன்றம் திருத்தி, 2006இல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவொன்றின் பலத்தினால். காவலில் ஒருவர் மாண்டால் அதுவரை விசாரித்து வந்தவர் வருவாய்க் கோட்டாட்சியரோ சப்-கலெக்டரோ ஆவார். காவல் துறைக்கு எஜமானனாகிய சர்க்காரே அவருக்கும் எஜமானன். அந்தப் பொறுப்பை நிர்வாகத்தின் கையிலிருந்து எடுத்து நீதித்துறை நடுவருக்குக் கொடுத்ததே 176(1அ) என்னும் அந்தப் பிரிவின் சாரம். இன்று அது புதிய சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 196ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது.

தாமிரபரணிக் கரையில்

அந்தப் பிரிவின் அருமை, அது பிறப்பதற்கு முந்திய காலத்தையும் அது எட்டாத இடங்களையும் பார்த்தால் விளங்கும். 1999 ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது போலீஸார் தடியடி நடத்தி, பதினேழு பேர் தாமிரபரணியில் உயிரிழந்தபோது, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய கமிஷனை நியமிப்பதும் அதன் வரம்பை வகுப்பதும் அரசாங்கமே. அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டிய கடமை உண்டேயன்றி, அதன் முடிவுகளுக்குக் கட்டுப்பட வேண்டிய கடமை இல்லை.

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் வட்டாரக் காவல் நிலையங்களில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சப்-கலெக்டர். பின்னர் அரசு நியமித்த மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, அதன்பின் சி.பி.சி.ஐ.டி. மரணம், காணாமற்போதல், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கே நீதித்துறை நடுவரின் கட்டாய விசாரணை உரியது என்பதனால், வதைபட்டும் பிழைத்தவன் அந்தப் பாதுகாப்புக்குப் புறம்பானவனாகிறான்.

வாஷிங்டனில்

புலனாய்வு யார் கையில் இருக்க வேண்டும் என்ற இதே கேள்வியைத் தன் தேசத்தின் தலைவரை வைத்தே கேட்டுப் பார்த்தது அமெரிக்கா. 1973 அக்டோபர் 20ஆம் தேதி, வாட்டர்கேட் ஊழலைத் துருவிக்கொண்டிருந்த ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்குமாறு ஜனாதிபதி நிக்ஸன் கட்டளையிட, அட்டர்னி ஜெனரலும் அவருக்கு அடுத்தவரும் மறுத்துப் பதவி துறக்க, மூன்றாமவர் அதை நிறைவேற்றினார். அதன் விளைவாக 1978இல் இயற்றப்பட்ட சட்டம், சுயேச்சை வழக்குரைஞரை நியமிக்கும் அதிகாரத்தை மூன்று நீதிபதிகளிடம் கொடுத்தது. 1999இல் அது காலாவதியானது. 2018 ஏப்ரலில், சிறப்பு வழக்குரைஞர் ராபர்ட் முல்லரின் விசாரணையைக் காக்கும் மசோதாவொன்று செனட்டின் நீதிக் குழுவில் 14க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியும், சபையின் முழு அமர்வுக்கு வராமலே மடிந்தது.

டெல்லியில்

நம் நாட்டில் குடியரசுத் தலைவர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடப்பவராதலால், இங்கே தலையீடு என்பது மந்திரிசபையின் தலையீடே. 1946ஆம் ஆண்டு டெல்லி சிறப்புப் போலீஸ் ஸ்தாபனச் சட்டத்தின்கீழ் இயங்கும் சி.பி.ஐ.யின் சுதந்திரம், நீதிமன்றம் கொடுப்பதும் நிர்வாகம் திரும்பப் பெறுவதுமாகவே வளர்ந்திருக்கிறது. உயர் அதிகாரிகளை விசாரிக்க முன்னனுமதி வேண்டும் என்ற சர்க்கார் உத்தரவை 1997இல் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, இயக்குநருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் விதித்தது. 2003இல் நாடாளுமன்றம் பதவிக்காலத்தை ஏற்றுக்கொண்டு, முன்னனுமதியையும் 6அ என்ற பிரிவாகப் புதுப்பித்தது. 2014இல் அரசியல் சாசன அமர்வு அதைத் தள்ளியது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17அ பிரிவாக முன்னனுமதி மறுபடியும் வந்தது, இம்முறை அரசு ஊழியர் அனைவருக்கும்.

பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவே இயக்குநரைப் பரிந்துரைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு லோக்பால் சட்டம் சொன்னது. அக்குழுவின் சம்மதமின்றி அவரை மாற்றலாகாது என்பதும் சட்டமே. 2018 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் இயக்குநர் ஆலோக் வர்மாவின் அதிகாரங்கள் பறிக்கப்பட்டபோது, அதிகாரத்தைப் பறிப்பதும் மாற்றுவதற்குச் சமமே என்று கொண்டு 2019 ஜனவரி 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாதாக்கியது. இரண்டே நாளில் குழு கூடி, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அவரை மாற்றியது.

எது போதாது?

அந்த முடிவு சரியோ தவறோ, எழுதிய முறைப்படி வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது என்பதே சட்டத்தின் லாபம். ஆனால் 2021இல் வந்த திருத்தம், இரண்டாண்டு முடிந்தபின் ஆண்டுக்கு ஒன்றாக, மொத்தம் ஐந்தாண்டுவரை பதவியை நீட்டிக்க வழி செய்தது. குழுவின் பரிந்துரையும் எழுத்துமூலமான காரணமும் வேண்டும் என்பதைக் கருதி உச்ச நீதிமன்றம் 2023இல் அதை ஏற்றது. செல்லுபடியாவதெல்லாம் சிலாக்கியமாவதில்லை. நீக்கப்படுவோமோ என்ற பயத்தைப் போலவே நீட்டிக்கப்படுவோமா என்ற ஆசையும் அதிகாரியின் கையைத் தடுக்கக் கூடியதாகையால், நீட்டிப்பற்ற ஒரே பதவிக்காலமும், 17அ பிரிவின் அனுமதியை நிர்வாகத்துக்கு வெளியே உள்ள அமைப்பொன்று காலக்கெடுவுடன் வழங்கும் ஏற்பாடும், காவலில் வதைபட்டு உயிர்தப்பியவனுக்கும் நீதித்துறை நடுவரின் கட்டாய விசாரணையும் சட்டமாக வேண்டும். இம்மூன்றுக்கும் அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.